கூலி கேட்டவர்கள் எழுதிய சட்டம்



எதிரணித் தோழர் பேசும்போது, "சாமானியன் சட்டத்தை மதிச்சு நடந்தா போதாதா? அதை எழுதற வேலை அவனுக்கு எதுக்கு?"ன்னு கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. அவர் சொன்னதில் பாதி உண்மைங்க. நம் நாட்டில் சபையில் மசோதா வைக்க உறுப்பினராக இருக்கணும். அதிலும் மந்திரியாக இல்லாத எம்.பி. கொண்டுவந்த மசோதா, 1970-க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமானதில்லை. எம்.பி.க்கே அந்தக் கதின்னா, நாம எம்மாத்திரம்?

மீதிப் பாதியைப் பார்க்க ராஜஸ்தானுக்கு வாங்க. 1990-இல் தேவ்துங்ரி கிராமத்தில் விவசாயிகளும் கூலிக்காரர்களும் சேர்ந்து 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஐ.ஏ.எஸ். வேலையை உதறிவிட்டு வந்த அருணா ராய் அவர்களோடு இருந்தார். அரசாங்க வறட்சி நிவாரண வேலையில் மண் வெட்டினவங்களுக்குச் சட்டம் சொன்ன கூலி வரலை. கேட்டா, "நீ வெட்டினது இவ்வளவுதான், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கு." "அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கய்யா." "அது அரசாங்க ரகசியம்!" குழி வெட்டினவன் இவன், அந்தக் குழியோட ஆழம் இவனுக்கே ரகசியமாம்! (சிரிப்பு)

1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்களைக் கூட்டி, கையில் கிடைத்த கணக்கை உரக்கப் படித்தார்கள். அப்புறம் ஊர் ஊராக இது நடந்தது. மஸ்டர் ரோலில் தன் பேரைக் கேட்டு, "அந்த வேலைக்கு நான் போகவே இல்லையே!"ன்னு எழுந்து நின்னாங்க.

1996 ஏப்ரல் 6. பியாவர் நகரத்தில் தர்ணா. அரசாங்கம் இறங்கி வந்தது: "ஆவணத்தைப் பாருங்க, கையால குறிச்சுக்கங்க, ஜெராக்ஸ் மட்டும் கிடையாது." எழுதப் படிக்கத் தெரியாதவன் எதைங்க குறிப்பான்? 40 நாள் உட்கார்ந்தார்கள். ஊர்க்காரங்க காய்கறியும் தானியமும் கொண்டுவந்து கொடுத்தாங்க. "எங்க பணம், எங்க கணக்கு" என்பதுதான் கோஷம்.

அந்த வருஷமே பிரஸ் கவுன்சில் தலைவர் நீதியரசர் பி.பி. சாவந்த் முன்னிலையில் மசோதா வரைவு தயாரானது. வாசகத்தை அமைத்தவர்கள் சட்டம் படித்தவர்கள்தான், மறுக்கலை. ஆனா எதைக் கேட்கணும்னு சொல்லிக் கொடுத்தது யாரு?

1997-இல் மாநிலங்களிலேயே முதலாவதாக நம்ம தமிழ்நாடு தகவல் சட்டம் கொண்டுவந்தது. பெருமைதான், ஆனா 'இதைத் தரமாட்டோம், அதைத் தரமாட்டோம்'ங்கிற பட்டியல்தான் அதில் நீளம். 2002-இல் நாடாளுமன்றம் ஒன்றை நிறைவேற்றியது. தகவல் தராத அதிகாரிக்கு அபராதமே கிடையாது. அது அமலுக்கே வராமல் போச்சு. மக்கள் இயக்கம் சும்மா இருக்கலை. வரைவைத் திருத்தி, 2004-இல் தேசிய ஆலோசனைக் குழுவுக்கு அனுப்பியது.

2005 அக்டோபர் 12-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழுமையாக அமலுக்கு வந்தது. பியாவரில் மறுத்த நகல், சான்றொப்பத்தோடு உண்டு. தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், 25,000 வரை அபராதம் உண்டு. இன்னொன்றும் கேளுங்க: ரோட்டுக்குப் போட்ட பொருளில், கட்டடத்துக்குப் போட்ட சிமென்டில் மாதிரி எடுத்துத் தரச்சொல்லியும் கேட்கலாம். மண் சுமக்காத ஒருத்தர் மூளையில் இப்படி ஒரு வரி உதிக்குமா?

நடுவர் மணியடிச்சிட்டார். 2019-இல் அந்தச் சட்டத்தில் கை வச்ச கதையை அடுத்து வர்ற என் அணிச் சகோதரி சொல்வாங்க. (கைதட்டல்)