பழைய புத்தகமும் முதல் பட்டதாரிச் சான்றிதழும்

செப்டம்பர் 5 வந்தால் எங்கள் பள்ளியில் ராதாகிருஷ்ணன் கதைதான். நம்ம திருத்தணிக்காரர், ஏழை, படிச்சு ஜனாதிபதி ஆனார்; நீயும் படி. தனிமனித முயற்சி என்கிற இந்தக் கதையாடல் எதை மறைக்கிறது என்று அப்போது கேட்கத் தெரியவில்லை.

1888இல் பிறந்தவர். திருப்பதியில் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரீசு கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரி. 1909இல் மாநிலக் கல்லூரியில் வேலை. 1918இல் மைசூர், 1921இல் கல்கத்தா, 1936இல் ஆக்ஸ்போர்டு. ஒவ்வொரு ஊர் மாற்றமும் ஒரு படி ஏற்றம். படிக்க வைத்தது உதவித்தொகை. தத்துவத்தை அவர் தேடிப்போய் எடுக்கவில்லை. அதே கல்லூரியில் பட்டம் முடித்த உறவுக்கார அண்ணன் தன் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். செலவு மிச்சம், அதையே எடுத்தார். எனக்கென்னவோ வரலாறு இந்தச் சின்னச் செய்தியில்தான் இருப்பதாகப் படுகிறது. வறுமை உண்மைதான். ஆனால் அந்தப் பிராமணக் குடும்பத்து வறுமைக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு பட்டதாரி இருந்தார். 1856லேயே ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக ரயில் ஓடியது. தண்டவாளம் சேரிப் பக்கமும்தான் போனது. புத்தகம் கொடுக்கிற அண்ணன் அங்கே இல்லை.

எங்க வீட்டில் அந்த அண்ணன் நான். அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி. 2010-11 கல்வியாண்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அடுத்த வருஷம் அந்தச் சான்றிதழோடு கோயம்புத்தூருக்குப் பொறியியல் படிக்கப் போனேன், அங்கிருந்து பெங்களூர். அது இல்லையென்றால் நானும் சிப்காட் கேட்டில்தான் நின்றிருப்பேன். அதனால் திட்டத்தைக் குறை சொல்ல வாய் கூசுகிறது. சொல்லத்தான் வேண்டும்.

சலுகை குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். இரண்டு வருஷம் கழித்துத் தங்கை சான்றிதழ் கேட்டுப் போனாள். 'அதான் அண்ணன் வாங்கிட்டானேம்மா' என்று அனுப்பிவிட்டார்கள். ஒருவன் படியேறினால் குடும்பமே ஏறிவிட்டதாக அரசு கணக்கு வைக்கிறது. அங்கே முதல் பட்டதாரி அடுத்தவருக்கு வழி விட்டார்; இங்கே முதல் பட்டதாரியாகப் போனவனே அடுத்தவளுக்குத் தடையானான். 'பையன் படிச்சாச்சு, போதும்' என்றார் அப்பா. விதிக்கும் அப்பாவுக்கும் இதில் கருத்து வேறுபாடே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆண்டைக் கொஞ்சம் மாற்றி அவள் முதலில் பிறந்திருந்தால்? அப்போதும் எனக்காகக் காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

முதல் வருஷப் புத்தகங்களைச் சாக்கில் கட்டி அவளுக்காக எடுத்து வந்தேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. 'புக்கு சரிண்ணா, ஃபீஸ் யாரு கட்டுவா?'

இப்போது ஷிப்ட் வேலை. விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். பக்கத்தில் நின்று வேலை செய்கிற ஒடிசாப் பெண்ணிடம் கொஞ்சம் இந்தி கற்றுக்கொண்டிருக்கிறாள். சாக்கு பரணில் இருக்கிறது.