ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை: கண்டிப் பகுதியில் தசையூசியும் நோயாளர் ஆயத்தமும்

2023 ஜூலையில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற்றப்பட்டபின் இளம்பெண் ஒருவர் இறந்தார். அதையொட்டி நாடெங்கும் எழுந்த விவாதம் பெரும்பாலும் மருந்தின் தரத்தைச் சுற்றியே நின்றது. அது நாளத்தில் ஏற்றிய மருந்து. ஆயினும் தசையூசியைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மருந்தில் காட்டும் அக்கறையை, அதை ஏற்கப்போகும் மனிதரை ஆயத்தப்படுத்துவதிலும் காட்டுகிறோமா? அந்த ஆயத்தம் தோலைத் துடைப்பதற்கு முன்பே தொடங்குகிறது. கண்டிப் பகுதியில் அதன் முதற்படி மொழி. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

தோல் தொடர்பான விதிகள் தெளிவானவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, சிகிச்சைக்கான தசையூசிக்கு 60–70 சதவீத அற்ககோலால் துடைத்துத் தோலை உலரவிட வேண்டும். முன்கூட்டியே ஊறவைத்த பஞ்சைப் பயன்படுத்தக் கூடாது. அதில் கிருமி சேரும். இவை கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவை. நோயாளியின் உடலுக்குள் இருக்கும் ஆபத்தோ, கேட்டால் மட்டுமே தெரியவரும்.

வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதடைந்தவருக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சதீன் பெனிசிலின் தசையில் போடப்படுகிறது. அவருக்குப் பெனிசிலின் ஒத்துவராமல் இருக்கலாம். வால்வு மாற்றியவராயின் இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரின் குளிசை எடுக்கலாம். அப்போது தசைக்குள் இரத்தம் கட்டக்கூடும். மூன்றாவது ஆபத்து அதிகம் கவனிக்கப்படாதது. கடுமையான வால்வு நோயுள்ளவர்களிடம் ஊசிக்குப் பின் நிகழும் சில மரணங்களுக்கு ஒவ்வாமையன்றி, வலியாலும் அச்சத்தாலும் இரத்த அழுத்தம் சரிவதே காரணமாகலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் எச்சரித்தது. அத்தகையோருக்கு வாய்வழி மருந்தைப் பரிசீலிக்கவும், ஏனையோருக்கு ஊசிக்கு முன் உணவும் நீரும் கொடுத்து, படுக்கவைத்து, வலியைக் குறைத்துப் போடவும் அது பரிந்துரைத்தது. விடியற்காலை பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு கிளினிக் வரிசையில் நிற்பவருக்கு இந்தப் பரிந்துரை உயிர்காப்பு.

கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து வரும் தமிழ்பேசும் நோயாளியிடம் இந்த ஆபத்துகளைப் பற்றிச் சிங்களத்தில் மட்டும் கேட்டால், தலையசைப்பு பதிலாகக் கிடைக்கும்; தகவல் கிடைக்காது. உடன்வந்த உறவினர் மொழிபெயர்க்கலாம். ஆனால் கர்ப்பமா என்ற கேள்விக்கு மாமியார் முன்னிலையில் ஒரு மருமகள் உண்மை சொல்லத் தயங்குவாள். 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பில் உறுதிசெய்தது. ஊசி மேசையருகே அவ்வுரிமை நோயாளர் பாதுகாப்பின் ஒரு பகுதி.

கூட்டம் அதிகம், நேரமில்லை என்று மறுப்பு எழலாம். தாதியரின் பணிச்சுமை மெய்யானதே. அதனால்தான் இதைத் தனிமனித நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் நடைமுறையாக்க வேண்டும். ஒவ்வாமை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, கர்ப்பம், முன்பு மயங்கியமை, இன்று சாப்பிட்டமை ஆகிய ஐந்து கேள்விகளையும் இரு மொழிகளிலும் அச்சிட்டுக் கிளினிக் கொப்பியில் ஒட்டலாம். எழுத்து வாசிக்காதவரிடம் தமிழறிந்த ஊழியர், அவர் வரிசையில் காத்திருக்கும்போதே தனியாகக் கேட்டுக் குறிக்கலாம். விடை குறிக்கப்படாத கொப்பிக்கு ஊசி இல்லை என்பது விதியாக வேண்டும். ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டால் உடனே தொடையின் வெளிப்புறத் தசையில் போட அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அதற்கான தேவையைக் குறைப்பவை முன்னதாகக் கேட்கப்படும் இக்கேள்விகளே.