மைதானத்து வீரனும் வீட்டு நியாயமும்



1973ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏழாவது தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி சிங்கப்பூரில் நடந்தது. வீரர்கள் தங்குவதற்குத் தோ பாயோவில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளை ஒதுக்கினார்கள். போட்டி முடிந்த பிறகு அவற்றில் குடும்பங்கள் குடியேறின. பதக்கம் வாங்கும் வீரனுக்கும் வீடு என்று ஒன்று உண்டல்லவா? அந்த வீட்டில் அவன் மனைவியை அடித்தால், கேட்க வேண்டியவர் யார்? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் கேட்க வேண்டியது சட்டம். சிங்கப்பூரில் 1961இல் மாதர் சாசனம் நிறைவேறியது. 1995இல் டாக்டர் கன்வல்ஜித் சோயின் என்ற நியமன நாடாளுமன்ற உறுப்பினர் குடும்ப வன்முறைக்கெனத் தனி மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. ஆனாலும் அதிலிருந்த கருத்துகள் பல, அடுத்த ஆண்டு மாதர் சாசனத்தில் செய்த திருத்தத்தில் இடம்பெற்றன. அடித்தவனை வீட்டைவிட்டு விலகியிருக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி, 1996இல் நடைமுறைக்கு வந்தது.

அடுத்துக் கேட்க வேண்டியவர், சம்பளம் கொடுப்பவர். தொழில்முறை விளையாட்டில் அந்த இடத்தில் இருப்பவை குழுக்களும், அவற்றை நடத்தும் லீக் அமைப்பும். சூதாட்டம், ஊக்கமருந்து என்றால் இவர்கள் உடனே பாய்வார்கள். மனைவியை அடித்தான் என்றால், 'அது வீட்டு விவகாரம்' என்று நெடுங்காலம் ஒதுங்கிக்கொண்டார்கள்.

2014இல் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். ரே ரைஸ் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் காற்பந்து வீரர், தாம் மணக்கவிருந்த பெண்ணைப் பிப்ரவரி மாதம் ஒரு ஹோட்டல் மின்தூக்கியில் அடித்து வீழ்த்தினார். ஜூலையில் லீக் கொடுத்த தண்டனை, இரண்டு ஆட்டங்களுக்குத் தடை! மக்கள் கொதித்தார்கள். ஆகஸ்டில், இனி முதல் குற்றத்துக்கே ஆறு ஆட்டத் தடை என்று புது விதி வந்தது. செப்டம்பரில் அந்த அடியைக் காட்டும் படம் வெளியாயிற்று. அன்றே குழு அவரை நீக்கியது. லீக்கும் காலவரையற்ற தடை விதித்தது. நவம்பரில் நடுவராக இருந்த முன்னாள் நீதிபதி, ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கலாகாது என்று அந்தத் தடையை நீக்கினார். என்றாலும் ரைஸ் அந்த லீக்கில் மறுபடி ஆடவே இல்லை.

பிப்ரவரியில் விழுந்த அடியும் செப்டம்பரில் பார்த்த அடியும் ஒன்றே. ஊர் பார்த்துவிட்டது என்பதுதான் வித்தியாசம். விதியை முன்கூட்டி எழுதி வைக்காதவர்கள், ஊர்வாய்க்குப் பயந்து தீர்ப்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்கப் பேஸ்பால் லீக் 2015இல் ஆட்டக்காரர் சங்கத்தோடு உடன்பட்டு விதிகளை வகுத்தது. 2016இல் அரோல்டிஸ் சாப்மன் என்ற வீரருக்கு, நீதிமன்ற வழக்கு இல்லாத நிலையிலும், 30 ஆட்டங்களுக்குச் சம்பளமில்லாத் தடை விதித்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புருஷன் சம்பளம் நின்றால் அவன் வீட்டு உலையும் நிற்கும். வாய் திறந்தால் பிள்ளைகள் பட்டினி என்று எண்ணி எத்தனையோ பெண்கள் பொறுத்துப் போகிறார்கள். தோட்டத்தில் நமக்கு இது புதிதா என்ன? வேலை போனால் லயத்து வீடும் போகுமே என்ற பயம் நாம் அறிந்ததுதானே! ஆகவே, தண்டனை அடித்தவனோடு நிற்க வேண்டும். மாதர் சாசனம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஜீவனாம்சத்தைக் கணவன் சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்டும்படி முதலாளிக்கே நீதிமன்றம் ஆணையிடலாம்.

நம் தோட்டத்துத் திடலிலும் பந்தாடும் குழு உண்டு; தொழிற்சங்கம் உண்டு; கோயில் கமிட்டி உண்டு. அடிபட்ட பெண் யாரிடம் சொல்வது? விசாரிப்பவர் யார்? அதுவரை அவளும் பிள்ளைகளும் எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது? இந்த மூன்றுக்கும் விடையை இப்போதே பேசி எழுதி வையுங்கள். நன்றாகக் கோல் போடுகிறவன் என்பதற்காக அந்த விதியில் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது.