எதிரி நட்ட கல்

இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானை அடுத்து இருப்பது கற்சிலைமடு. ஊர்ப் பெயரிலேயே கல் உண்டு. நான் சொல்ல வந்தது வேறொரு கல்.

அது பிறந்த கதை முல்லைத்தீவுக் கடற்கரையில், ஒல்லாந்தர் கோட்டையில் தொடங்குகிறது. யானைகளைத் திறையாகக் கொடுத்துத் தங்கள் காட்டைத் தாங்களே ஆண்ட வன்னியர்களின் அதிகாரத்தை ஒல்லாந்தர் 1780களிலேயே பறித்துவிட்டார்கள். 1795-96இல் கரையோரம் ஆங்கிலேயர் வசமானபோது கோட்டையும் கைமாறியது. பறிபோனது மட்டும் திரும்பி வரவில்லை.

1803 ஜூனில் கண்டியில் மேஜர் டேவியின் ஆங்கிலேயப் படை அழிந்தது. வெள்ளைக்காரன் தளர்ந்திருந்த நேரம். ஓகஸ்ட் 25 அன்று, அதிகாரம் பறிபோன அந்த வன்னியர்களில் ஒருவனான பண்டாரவன்னியன் கண்டியாரின் துணையோடு முல்லைத்தீவில் பாய்ந்தான். காவலிருந்த படை மீன்பிடிப் படகுகளில் ஏறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பியது. வன்னியன் ஆட்கள் ஆனையிறவு வரை போய் வந்தார்கள்.

எல்லாம் இரண்டு மாதம்தான். மன்னாரிலிருந்து காட்டை ஊடறுத்து வந்த கப்டன் வொன் டிரிபேர்க் (பெயர் ஜெர்மன், சம்பளம் பிரித்தானியருடையது) ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் எதிர்பாராமல் தாக்கினான். வன்னியன் தோற்றான்.

பின்னாளில் அங்கே ஒரு கல் நட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம்: இவ்விடத்துக்கு அண்மையில் இன்னார் இன்னாரைத் தோற்கடித்தார், இன்ன தேதி. தன் மறவனுக்கு நடுகல் நட்ட மரபு நமக்குத் தெரியும். எதிரியே நட்டுத் தந்த நடுகல் இது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல் 'தோற்கடித்தார்' என்கிறது, 'கொன்றார்' என்று சொல்லவில்லை. ஆங்கிலேயர் குறிப்புகளின்படி அவன் தப்பிப் போனான். ஊர் வழக்கிலோ, காக்கை வன்னியன் என்பவன் காட்டிக்கொடுக்க அவன் அங்கேயே விழுந்தான். மு. கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' எழுதியதும் அந்த வீரனைத் தேடித்தான். எனக்கு அந்த ஒற்றை ஆங்கில வினைச்சொல்தான் கூடுதல் நம்பகமாகப் படுகிறது. ஆனாலும் ஒக்டோபர் 31 வந்தால் வன்னியில் பலர் நினைவுகூர்வது அவன் இறந்த நாளை.

வென்றவனின் பெயரை முதலில் பொறித்த கல்லை, ஊர் இரண்டாவது பெயரால் 'பண்டாரவன்னியன் கல்' என்றே அழைத்தது. வவுனியாவில் அவனுக்குச் சிலையும் எழுந்தது. டிரிபேர்க்குக்கு இந்தக் கல் ஒன்றுதான். உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், வன்னியனின் நினைவை அழிக்க நினைத்தோ என்னவோ, யாரோ அதை உடைத்துப்போட்டார்கள். உடைந்தது டிரிபேர்க்கின் வெற்றிக்கல்.