துப்பாக்கிச் சூட்டுத் தடுப்புப் பயிற்சி நிதி (அமெரிக்கா)

பொது இடங்களில் கண்மூடித்தனமாகச் சுடுபவரை எதிர்கொள்ள, முதலில் களமிறங்கும் காவலர், தீயணைப்பு வீரர், அவசர மருத்துவ உதவியாளர் ஆகியோரைப் பயிற்றுவிப்பதற்கு அமெரிக்கக் கூட்டாட்சி, மாநில அரசுகள் வழங்கும் நிதியுதவி.

வகை: கூட்டாட்சி நீதித்துறை மானியம், மாநில அரசு ஒதுக்கீடு.

பயிற்சிக் கூறுகள்: தாக்குபவரை உடனடியாக முடக்குதல், குருதிப்போக்கை நிறுத்துதல், காயமுற்றோரை வெளியேற்றுதல், துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு. மாதிரிச் சூழல் ஒத்திகையே முதன்மைப் பயிற்றுமுறை.

வரலாறு: 1999 கொலம்பைன் பள்ளித் தாக்குதலின்போது, வளாகத்தைச் சுற்றிவளைத்துச் சிறப்பு ஆயுதப் படைக்காகக் காத்திருப்பதே நடைமுறையாக இருந்தது. அதன்பின், முதலில் வந்தடையும் காவலரே உள்நுழையும் முறை பரவியது. 2002இல் டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 'அலர்ட்' பயிற்சி மையம் நிறுவப்பட்டது. மாநில, கூட்டாட்சி நிதியில் இயங்கும் இதன் பாடத்திட்டத்தை எஃப்.பி.ஐ. 2013இல் தேசியத் தரமாக ஏற்றது. சமூகக் காவல் பணிக்கான 'காப்ஸ்' மானியத்தை இப்பயிற்சிக்குப் பயன்படுத்த 2016ஆம் ஆண்டின் 'போலீஸ்' சட்டம் வழிவகுத்தது.

முக்கியத்துவம்: சொந்தமாகப் பயிற்சி நடத்த வசதியற்ற சிறிய காவல்துறைகளுக்கு இந்நிதி இன்றியமையாதது. இத்தகைய பயிற்சியின் தேவையை 2022ஆம் ஆண்டுத் தாக்குதல் ஒன்று உணர்த்தியது: டெக்சஸின் யுவால்டி நகரத் தொடக்கப் பள்ளியில் 19 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டனர். அங்கு காவலர்கள் தாக்கியவரை எதிர்கொள்ள ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தாமதித்ததை நீதித்துறையின் 2024 அறிக்கை கடுமையாகக் குறைகூறியது.