மர்ரே ஆற்றில் மின்காந்த அளவாய்வு

ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றில் உவர் நிலத்தடி நீர் எங்கெங்கே கசிந்து கலக்கிறது என்பதைப் படகில் சென்றபடியே கண்டறியும் புவி இயற்பியல் அளவாய்வு. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2000-களில் இது பெரிய அளவில் நடந்தது.

ஏறத்தாழ 2,500 கி.மீ. ஓடும் இந்த ஆறு, கீழ்ப்பகுதியில் வறண்ட சமவெளியைக் கடக்கிறது. அங்கே நிலத்தடி நீர் இயல்பாகவே உப்பு மிகுந்தது. சில இடங்களில் லிட்டருக்கு 20,000 மில்லிகிராமைத் தாண்டும். கடல்நீரில் இருப்பதே சுமார் 35,000 தான். இந்த உவர்நீருக்கு ஆறுதான் வடிகால். குட்டை யூகலிப்டஸ் காடுகளை அழித்துப் பயிரிட்டதும், கரையோரத் தோட்டங்களுக்குப் பாய்ச்சிய நீர் கீழிறங்கியதும் நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தி, உப்பை ஆற்றை நோக்கித் தள்ளின. அடிலெய்டு நகரம் வறட்சிக் காலங்களில் பெரிதும் நம்பியிருப்பது இந்த ஆற்று நீரையே.

படகுக்குப் பின்னால் மிதக்கும் சட்டத்தில் கம்பிச் சுருள்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்திச் சட்டென நிறுத்தினால், ஆற்றடி மண்ணில் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து தேய்கின்றன. அவை தேயும் வேகத்திலிருந்து ஆழவாரியாக மின்தடைமை கணிக்கப்படுகிறது. உவர்நீர் ஊறிய மண் மின்சாரத்தை எளிதில் கடத்தும். நன்னீர் ஊறிய மணல் தடுக்கும். ஆகவே தடைமை குறைந்த பகுதி படுகையை ஒட்டியே இருந்தால், அங்கே ஆறு உப்பை வாங்கிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். தடைமை மிகுந்த அடுக்கு தடிப்பாக இருந்தால், ஆறுதான் நிலத்துக்கு நீர் கொடுக்கிறது. மதகணைகளை ஒட்டி இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். அணைக்கு மேற்புறம் ஆற்றுமட்டம் உயர்ந்து நன்னீர் கீழிறங்குகிறது. கீழ்ப்புறம் மட்டம் தாழ்ந்து உவர்நீர் உள்ளே வருகிறது.

களிமண்ணும் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், இப்படிக் கிடைக்கும் தடைமை வரைபடத்தை மட்டும் நம்புவது ஆபத்து. படுகை மண்ணைத் துளையிட்டு எடுத்துப் பார்ப்பதும், நாள்தோறும் ஆற்றுநீரின் உப்பை அளந்து எங்கே கூடுகிறது எனப் பார்ப்பதும் அவசியம். நிலத்தடி நீரில் மிகுந்திருக்கும் ரேடான் வாயுவும் நல்ல சான்று. அதன் அரை ஆயுள் 3.8 நாள் என்பதால், ஆற்றில் அது மிகுந்திருந்தால் நிலத்தடி நீர் அண்மையில்தான் கலந்திருக்க வேண்டும்.

கரையோர ஆழ்துளைக் கிணறுகளால் உவர்நீரை இடைமறித்து இறைக்கும் திட்டங்களுக்கு இவ்வரைபடங்கள் பெரிதும் உதவுகின்றன. உல்புண்டா, வைக்கரி பகுதிகளில் இறைக்கும் நீர் ஸ்டாக்யார்ட் பிளெயின் என்ற தேக்கத்துக்குக் குழாயில் செல்கிறது. மோர்கன் என்னுமிடத்தில் ஆற்றுநீரின் மின்கடத்துதிறன் குறைந்தது 95 சதவீத நேரம் சென்டிமீட்டருக்கு 800 மைக்ரோசீமென்சுக்குள் இருக்க வேண்டும் என்பது உப்பைக் கட்டுப்படுத்துவதற்கான இலக்கு. கரைக்கு அப்பாலுள்ள வெள்ளச் சமவெளியைப் படகால் அளக்க முடியாது. ஆகவே புக்பர்னாங் பகுதியில் 2005, 2006, 2008 ஆம் ஆண்டுகளில் ஹெலிகாப்டரிலிருந்து அளந்து, உப்பின் பரவல் மாறுவதைக் கண்காணித்தனர்.