அசையாத சிவப்பு

1770 ஜூலையில் மேரி அன்டோனெட் வெர்சாய் அரண்மனையிலிருந்து வியன்னாவில் இருந்த அம்மாவுக்குத் தன் தினசரி அட்டவணையை எழுதி அனுப்புகிறாள். வயது 14. கல்யாணமாகி இரண்டு மாதம். பதினொரு மணிக்குத் தலை அலங்காரம். நண்பகலில் அறைக்கதவு திறக்கும், அந்தஸ்து உள்ள யாரும் உள்ளே வரலாம். அத்தனை பேர் முன்னாலும் அவள் கன்னத்துக்கு ரூஜ் பூசிக்கொண்டு கை கழுவுவாள். அதற்குப் பிறகு ஆண்கள் வெளியே போய்விட, பெண்கள் முன்னால் உடை மாற்றிக்கொள்வாள்.

கவனியுங்கள், உடை மாற்றும்போது ஆண்களை அனுப்பிவிடுகிறார்கள். ரூஜ் பூசும்போது அனுப்புவதில்லை. அது மறைக்க வேண்டிய காரியமே அல்ல. பார்க்க வேண்டிய சடங்கு.

இன்றைக்கு ப்ளஷ் பற்றிப் பேசும் எல்லோரும் ஒரே மந்திரத்தைத்தான் சொல்கிறார்கள்: போட்டதே தெரியக் கூடாது. வெர்சாயில் விதி நேர் எதிர். கண்ணுக்குக் கீழே ஆரம்பித்து, வெள்ளை பூசிய முகத்தில், நல்ல அடர் சிவப்பு வட்டமாகத் தெரிய வேண்டும். அரண்மனைக்காரிகளின் சிவப்பு பாரிஸ் நகரத்துப் பெண்களின் சிவப்பைவிட ஒரு படி தூக்கலாக இருக்கும். இயற்கையாக வெட்கப்பட்டதுபோல் காட்டுவது நோக்கமில்லை. இன்றைய அலுவலகத்தில் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பூஷே வரைந்த மதாம் பொம்பதூர் ஓவியம் ஒன்றில், அரசனின் காதலியான அந்த அம்மாள் கையில் தூரிகையும் ரூஜ் டப்பாவுமாக நம்மை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். மணிக்கட்டில் அரசன் முகம் பொறித்த காப்பு. வெட்கம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. எட்டு வயது மகனைக் கச்சேரிகளுக்கு அழைத்துவந்திருந்த லியோபால்ட் மொசார்ட், 1764-இல் பாரிஸிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதத்தில், இங்குள்ள பெண்கள் சாயம் பூசிய மரப்பொம்மைகள் மாதிரி இருப்பதாகவும், அழகா இல்லையா என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றும் அலுத்துக்கொள்கிறார். அதற்குச் சில வருடங்கள் முன்பு பாரிஸில் ஒரு விருந்தில், இங்கிலாந்துப் பிரபு கவென்ட்ரி தன் மனைவி மரியாவை மேசையைச் சுற்றித் துரத்திப் பிடித்து, எல்லோர் எதிரிலும் துணியால் அவள் ரூஜைத் துடைத்தெடுத்ததாக ஹோரஸ் வால்போல் எழுதியிருக்கிறார். அந்த மரியா 1760-இல், இளம் வயதிலேயே இறந்துபோனாள். காசநோய் என்றும் சொல்கிறார்கள், முகத்துக்குப் பூசிய வெள்ளை ஈயம்தான் காரணம் என்றும் சொல்கிறார்கள்.

ஈயம் வெள்ளையில் மட்டும் இல்லை. மலிவான ரூஜ்களில் ஈயச் செந்தூரம் இருந்தது, பாதரசம் கலந்த சாதிலிங்கம் இருந்தது. விஷமில்லாதவை இரண்டு: குசும்பாப் பூவிலிருந்து எடுத்து மாக்கல் தூளோடு கலந்த சிவப்பு ஒன்று, கார்மைன் இன்னொன்று. கார்மைன் ஒரு பூச்சி. மெக்சிகோவின் ஒஹாகா பகுதியில் சப்பாத்திக்கள்ளி மடல்களில் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் கோச்சினீல் பூச்சியின் பெண். எறும்பை அண்டவிடாமல் இருக்க அது தன் உடம்பில் தயாரிக்கும் அமிலம்தான் நிறம். காயவைத்து, பொடித்து, கொதிக்கவைத்து, படிகாரம் போட்டால் அந்தச் சிவப்பு அடியில் படியும். ஒரு பவுண்டுக்குச் சுமார் 70,000 பூச்சி. விலை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெயின் அந்தப் பூச்சியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. 1777-இல் தியெரி த மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் ஒஹாகா வரை போய், பூச்சியோடு கள்ளி மடல்களைக் கடத்திக்கொண்டு இன்றைய ஹைட்டிக்குக் கொண்டுசேர்த்தார். ஆங்கிலேயர்களுக்கும் ஆசை வந்தது. இங்கேதான் கதை, கொஞ்சம் விசித்திரமாக, சைதாப்பேட்டைக்கு வருகிறது. கம்பெனியின் மதராஸ் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786-இல் உள்ளூர்ப் புல்லில் கோச்சினீலைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து லண்டனில் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார். அது வேறு ஏதோ பூச்சி. ஆனாலும் மனிதர் விடவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து ஒரு கப்பல் கேப்டன் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த பூச்சி மட்டமான காட்டு இனம், சாயம் தேறவில்லை. ஆனால் கள்ளியை மட்டும் நன்றாகத் தின்றது. 1830களில் அதே பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து, வேலி தாண்டிப் பரவிய கள்ளியை ஒழிக்கப் பயன்படுத்தினார்கள். களையை அழிக்கப் பூச்சியை விடுவது என்ற உத்தி உலகத்தில் முதலில் வெற்றிபெற்றது இந்தப் பக்கம்தான் என்கிறார்கள். கன்னத்துக்கு வந்த பூச்சி கள்ளியோடு நின்றுவிட்டது.

இதற்குள் பாரிஸில் ரசனை மாறிக்கொண்டிருந்தது. முகம் என்பது மனசின் கண்ணாடி, அதில் பூச்சு இருந்தால் பொய் என்ற எண்ணம் வலுத்தது. சாயமில்லாத கன்னம் தானாகச் சிவந்தால்தான் அவள் நல்லவள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தானாகச் சிவப்பது யாருடைய கன்னத்தில் தெரியும்?

1785-இல் தாமஸ் ஜெபர்சன் அமெரிக்கத் தூதராகப் பாரிஸில் இருக்கிறார். வர்ஜினியா பற்றிய தன் புத்தகத்தை அங்கேதான் முதலில் அச்சடிக்கிறார். அதில், வெள்ளைத் தோலில் உணர்ச்சிக்குத் தக்கபடி சிவப்பு ஏறி இறங்குவது அழகு என்றும், கறுப்புத் தோல் எல்லா உணர்ச்சியையும் மூடிவிடும் அசையாத திரை என்றும் எழுதுகிறார். நூற்றுக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறு: இதை அச்சுக்குக் கொடுத்த ஊரில், மேட்டுக்குடிப் பெண்கள் அத்தனை பேரும் பல வருடங்களாக அசையாத சிவப்புத் திரையைப் போட்டுக்கொண்டுதான் அரசியல் பேசினார்கள், சீட்டாடினார்கள். உணர்ச்சியே இல்லாதவர்கள் என்று யாரும் அவர்களைச் சொத்துக் கணக்கில் சேர்க்கவில்லை.

கறுப்பர்களுக்கு வெட்கம் வராது, ஆகவே ஒழுக்க உணர்வும் இல்லை என்ற வாதம் அதற்குப் பிறகும் ஓடியது. சார்லஸ் டார்வின் 1872-இல் உணர்ச்சிகள் பற்றிய புத்தகத்தில் வெட்கத்துக்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். கல்கத்தா, இலங்கை உட்படப் பல ஊர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கியிருந்தார். அதில் ஒரு கறுப்பினப் பெண்ணின் முகத்தில் இருந்த வெள்ளைத் தழும்பைப் பற்றிய குறிப்பு வருகிறது. யாராவது அதட்டினால் அந்தத் தழும்பு மட்டும் சிவக்கும். ரத்தம் எல்லோருக்கும்தான் ஏறுகிறது, பார்ப்பவனுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அதைக் காட்ட ஒரு பெண் காயப்பட்டு, அதட்டு வாங்க வேண்டியிருந்தது.

நம் கதைகளிலும் ‘அவள் கன்னம் சிவந்தது’ என்று கூசாமல் எழுதுகிறோம். மாநிறத்துக்குக் கீழே உள்ள நாயகிகளுக்கும் சேர்த்தேதான். எந்தத் தெருவில், யார் கன்னத்தில் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

அதனால்தான் டப்பாவிலேயே கண்ணைப் பறிக்கும் பவுடர் ப்ளஷ்கள் மீது எனக்கு மரியாதை. லேசான இளஞ்சிவப்புப் பவுடரில் வெள்ளை நிரப்பிகள் அதிகம். கறுத்த கன்னத்தில் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். செங்கல் நிறம், அடர் ஆரஞ்சு, கத்தரிப்பூவை ஒட்டிய சிவப்பு, இதெல்லாம்தான் நம் தோலில் பேசும். தூரிகையைத் தொட்டு, தட்டி உதிர்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அப்புறமும் ‘ஓவர் மேக்கப்’ என்று ஒருவர் சொல்வார். போட்டது தெரிகிறது என்பதுதான் புகார் என்றால், தெரிவதற்காகத்தானே போட்டது?

பி.கு. டப்பாவின் பின்பக்கம் சிஐ 75470 என்று இருந்தால் அது கார்மைன், அதே பூச்சிதான். இப்போது பெரும்பாலும் பெருவிலிருந்து வருகிறது. பூச்சியில்லாமல் செய்தவையும் கடையில் நிறைய உண்டு. சைவம் பார்ப்பவர்கள் எண்ணைப் பார்த்து வாங்கிக்கொள்ளவும்.